கழித்த கிளையைக் காட்டிலேயே விட்டுவிடாதீர்கள்: கீழ்ப்பழனி மலைக் காப்பித் தோட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர் பக்கம் காப்பி வைத்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். என்னிடம் வேதியியல் படித்தவர்கள், அல்லது படிக்காமல் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றவர்கள். நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இப்போது டீச்சர் வீட்டில் மூன்று மாடு, இரண்டு கன்று. காலையில் சங்கத்தில் பால் ஊற்றும் வரிசையில் நிற்கும்போது சிலர் ஜீப்பை நிறுத்தி, “டீச்சர், நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போகிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறேன். ஒரு விஷயம் கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் ஜீப் வளைவு திரும்பிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மழைக்கு முன்னால் நீங்கள் நிழல் கழிக்கும்போது, அதாவது காப்பிக்கு நிழல் தரும் மரங்களின் கிளையை வெட்டும்போது, விழுகிற முள்முருங்கை இலையில் ஒரு பங்கு, மாடு வைத்திருக்கிற எங்களுக்கு வேண்டும். அன்றைக்குப் பச்சையாகப் போடுவதற்கு மட்டும் என்றால் இவ்வளவு பெரிய மடல் தேவையில்லை. இப்போதே தோட்ட வேலைக்கு வருகிறவர்கள் சாயங்காலம் ஆளுக்கு ஒரு கட்டு தலையில் வைத்துக்கொண்டுதான் போகிறார்கள், நீங்களும் கண்டுகொள்வதில்லை. நான் கேட்பது மொத்தமாக எடுத்து, காற்றுப் புகாமல் டிரம்மில் அடைத்து, மாசி பங்குனிக்கு வைத்துக்கொள்வதற்கு. சைலேஜ். தமிழ்ப் புத்தகத்தில் ‘ஊறுகாய்ப் புல்’ என்று போட்டிருக்கும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அதைவிடச் சரியான பெயர் எனக்குத் தெரியவில்லை.

மலையில் மாடு வளர்ப்பவர்களின் வருடம் எப்படி ஓடும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் புல் காலைத் தட்டும். அறுத்து மாளாது. தை முடியும்போது வரப்பெல்லாம் பழுப்பு. மாசியில் ஓடையோரம் மட்டும் கொஞ்சம் பச்சை, அதற்கும் பத்து வீட்டு அரிவாள் போட்டி. அப்புறம் காப்பியைப் பூக்க வைக்கும் பூ மழை விழும் வரைக்கும் வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறி வருவதைத்தான் வாங்கிப் போட வேண்டும்: வைக்கோல், தீவன மூட்டை, இப்போது சில வருடமாகக் கட்டிக் கட்டி வரும் மக்காச்சோளச் சைலேஜ். லாரி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவு ஏறும்போதும் விலையும் கூடவே ஏறுகிறது. கோ-5 புல் போடுங்கள் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். நல்ல புல்தான். போடுவதற்கு இடமும் கோடையில் தண்ணீரும் இருப்பவர்கள் மாட்டைவிடக் காப்பியைத்தான் வைக்கிறார்கள், அதில் தப்பும் இல்லை. காட்டுக்குள் போய் வெட்டலாமா என்றால், 2013இல் சரணாலயம் ஆன மலை இது. அதற்கு முன்னாலும் காட்டெருமை இருந்த இடத்தில் அரிவாளோடு போய் நிற்க எனக்குத் துணிச்சல் இருந்ததில்லை. ஆக, பட்டா நிலத்தில், நீங்களே வருடா வருடம் கூலி கொடுத்து வெட்டிப் போடும் இலையைத் தவிர எங்களுக்குப் பக்கத்தில் வேறு பச்சை கிடையாது.

அந்த இலை சாதாரண இலையும் இல்லை. வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3, 4 இருந்தால் அதிகம். மக்காச்சோளச் சைலேஜில் 7, 8. முள்முருங்கை, அகத்தி, சவுண்டல், கிளைரிசிடியா மாதிரி பயறு வகைக் குடும்பத்து மரங்களின் இலையில், ஈரம் போக எடை போட்டுப் பார்த்தால் 20க்குப் பக்கம். வேரில் முடிச்சு வைத்துக் காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கிற மரங்கள் இவை. இதற்காகத்தானே உங்கள் தாத்தாக்கள் காப்பிக்கு நடுவில் வைத்தார்கள்? மிளகுக் கொடி ஏறவும் நிழலுக்கும் வேறு எத்தனையோ மரம் இருக்கிறது.

இதை நான் செய்து பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். முதல் தடவை படுதோல்வி. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இலைச் சைலேஜ் நாறும் என்று ஊரில் பரவியிருக்கும் பேச்சுக்கு என் வீட்டுக் கொல்லைப்புறமும் ஒரு காரணம்.

மக்காச்சோளத்துக்குச் சொல்லிக் கொடுத்த முறையை அப்படியே இலைக்குச் செய்தேன். தூறலில் நனைந்த இலை. அரிவாளால் விரல் நீளத்துக்கு வெட்டி, 200 லிட்டர் நீல டிரம்மில் போட்டு, மேலே ஏறி நின்று மிதித்து மூடினேன். 45 நாள் கழித்துத் திறந்தபோது கறுப்பாக, கூழாக, நாள்பட்ட நெய்யையும் வாந்தியையும் கலந்த மாதிரி ஒரு வாடை. மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “கெமிஸ்ட்ரி டீச்சர் கெமிஸ்ட்ரியிலேயே ஃபெயில்” என்றார். பள்ளிக்கூட நாளில் வாங்கி வைத்த, புளிப்பை அளக்கும் பி.எச். தாள் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல் என்று அர்த்தம். நனைத்துப் பார்த்தேன், 6க்குப் பக்கத்தில் காட்டியது. அதாவது புளிக்கவே இல்லை, அழுகியிருக்கிறது.

வகுப்பில் கேட்டிருந்தால் காரணத்தைக் கரும்பலகையில் எழுதியிருப்பேன். வீட்டில் தோன்றவில்லை. சைலேஜ் என்பது தயிர் உறைவது மாதிரி. காற்று இல்லாத இடத்தில் லாக்டிக் அமிலப் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலம் சுரக்கும், அந்தப் புளிப்பில் மற்ற கிருமி பிழைக்காது, தீவனம் அப்படியே நிற்கும். மக்காச்சோளத் தட்டையில் சர்க்கரை தாராளம். மர இலையில் சர்க்கரை குறைவு, புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். இவை இரண்டும் சுரக்கிற அமிலத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும், பி.எச். இறங்காது. கூடவே ஈரமும் சேர்ந்தால் கிளாஸ்டிரிடியா என்கிற இன்னொரு கூட்டம் உள்ளே புகுந்து பியூட்டிரிக் அமிலம் உண்டாக்கும். நாறிய வாடை அதனுடையது. ஆக, இலைக்கு இரண்டு வேலை கூடுதலாகச் செய்ய வேண்டும்: வாட்ட வேண்டும், சர்க்கரை சேர்க்க வேண்டும்.

வகுப்பில் ஒரு கதை சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? பின்லாந்து நாட்டு விர்த்தனென். 1945ஆம் வருட வேதியியல் நோபல் பரிசு. எதற்கு என்று கேட்டால், மாட்டுத் தீவனத்தை அமிலம் சேர்த்துக் கெடாமல் வைக்கிற முறைக்கு. அங்கே ஆறு மாதம் பனி மூடிக் கிடக்கும், மாட்டுக்குப் பச்சை கிடைக்காது. பயறு வகைத் தீவனம் நான் போட்ட டிரம் மாதிரியே அழுகிக்கொண்டிருந்தது. ஆரம்பத்திலேயே பி.எச்.சை 4க்குக் கீழே இறக்கிவிட்டால் புரதம் சிதையாது என்று கண்டுபிடித்து, அமிலத்தைக் கலந்தார். “மாட்டுத் தீனிக்கா நோபல்?” என்று நீங்கள் சிரித்தீர்கள். சிரித்த அந்த பெஞ்சில் இருந்த ஒருவருடைய தோட்டத்திலிருந்துதான் போன வருடம் இலை எடுத்தேன்.

நமக்கு அமிலம் எல்லாம் வேண்டாம். நம் மலையிலேயே சர்க்கரை தொங்குகிறது. மலைவாழையில் கனிந்து கறுத்து, வியாபாரி ஒதுக்கிவிட்டுப் போகிற சீப்புகள் இருக்கின்றனவே, அவைதான். கரும்பாலைக் கழிவுப்பாகு போடு என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். ஆனால் இரண்டு லிட்டர், ஐந்து லிட்டர் என்று சில்லறையாக அது எங்கே கிடைக்கிறது? வெல்லம் போடலாம், 100 கிலோ இலைக்கு 3, 4 கிலோ. அதற்குச் செலவு ஆகும். கழித்த பழம் என்றால் தோலோடு பிசைந்து 15 கிலோ. பழுத்த வாழையில் ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். பச்சைக்காய் உதவாது, அதில் இருப்பது மாவுச்சத்து.

வாட்டுவதற்குத்தான் உங்கள் களம் வேண்டும். புரட்டாசியில் காப்பிக் களம் காலியாகக் கிடக்கிறது. பழம் எடுக்க இன்னும் மாதம் இருக்கிறது. எங்கள் வீட்டு முற்றத்தில் இலையைப் பரப்பினால் மூடுபனி இறங்கி, வைத்ததைவிட ஈரமாகத்தான் திரும்பி வரும். உங்கள் சிமெண்டுக் களம் பத்து மணி வெயிலுக்கே சூடு பிடித்துவிடும். ஒரு பகல் போதும். பரப்பும்போது 100 கிலோ இருந்த இலை 75 கிலோவாக வாடியதும் அள்ளிவிட வேண்டும். தராசு இல்லாதவர்கள் நறுக்கிய இலையைக் கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை விரித்துப் பார்க்கலாம். சாறு சொட்டினால் ஈரம் அதிகம். உருண்டை மெதுவாக விரிந்து உதிர்ந்தால் பதம். வெடுக்கென்று சிதறினால் காய்ந்துவிட்டது, அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் காற்று உள்ளே நிற்கும்.

போன வருடம் அப்படிச் செய்தது நாலு டிரம். தடித்த கம்பை ஒதுக்கிவிட்டு, இலையும் விரல் தடிமன் வரைக்கும் இளங்கிளையும் மட்டும் புல் வெட்டும் மெஷினில் ஒரு அங்குலத்துக்கு வெட்டினோம். ஒரு அடி இலை, மேலே பழக்கூழ், ஏறி மிதி. மறுபடி ஒரு அடி. டிரம்முக்கு 110 கிலோ பிடித்தது. மேலே பிளாஸ்டிக் தாள், அதன் மேல் மூடி, அதைச் சுற்றி இரும்பு வளையம். முதல் நாலைந்து நாள் உள்ளே வாயு கிளம்பும், மூடி உப்பும். வளையத்தை லேசாகத் தளர்த்தி விட்டுவிட்டு உடனே இறுக்க வேண்டும், முகத்தைப் பக்கத்தில் கொண்டு போகாமல். ஒரு டிரம்மைக் காட்டுப்பன்றி உருட்டிவிட்டது, வாழைப்பழ வாசனைக்கு வந்திருக்கும். நல்ல காலம், மூடி கழலவில்லை.

மாசி முதல் வாரம் திறந்தேன். ஊறின மாங்காய் மாதிரி பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். மோர்ப் புளிப்பில் ஒரு வாசனை. பி.எச். தாள் 4க்கும் 5க்கும் நடுவில் காட்டியது. செவலை முதல் நாள் மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். தவிடு தூவி அரைக் கிலோ வைத்ததும் நக்கினாள். பத்து நாளில் ஐந்து கிலோவுக்கு வந்துவிட்டாள். இரண்டு கறவை மாட்டுக்கு ஆளுக்கு ஐந்து கிலோ வீதம் ஒன்றரை மாதம் வந்தது. கறந்து முடித்த பிறகுதான் வைப்பேன். முன்னால் வைத்தால் வாடை பாலில் இறங்கும். சின்னக் கன்றுக்குக் கொடுப்பதில்லை.

பால் எவ்வளவு கூடியது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடவில்லை. வழக்கமாக அந்த மாதங்களில் குறையும் அளவுக்குக் குறையவில்லை, அவ்வளவுதான். ஃபேட்டும் எஸ்.என்.எஃப்பும் (கொழுப்பும், கொழுப்பு நீங்கலான மற்ற திடச்சத்தும்) சங்கத்தில் வழக்கமாகத்தான் வந்தது. மாட்டுக்கு ஒரு கிலோ வீதம் தீவன மூட்டையைக் குறைத்தேன். அந்தப் பணம் மிச்சம். இரண்டு மாட்டை வைத்துப் பார்த்துவிட்டு இதை ஆராய்ச்சி என்று சொன்னால் நானே மார்க் போட மாட்டேன். இலையில் புரதம் இருக்கிறதே தவிர மக்காச்சோளத்தில் இருக்கிற மாவுச்சத்து இல்லை. அதனால் இலையை மட்டும் போட்டுக் கறவை மாட்டைக் காப்பாற்ற முடியாது. வைக்கோலோ புல்லோ கூட வேண்டும், தவிடு வேண்டும். தாதுஉப்பையும் நிறுத்தக் கூடாது. இலை புண்ணாக்கின் இடத்தில் கொஞ்சம் உட்காரும், அவ்வளவுதான் நான் சொல்வது.

இனி உங்கள் பக்கத்து நியாயம். போன வருடம் இதைக் கேட்டபோது மூன்று பேர் மூன்று விதமாக மறுத்தீர்கள். மூன்றும் யோசிக்க வேண்டிய மறுப்புதான்.

முதலாவது, அந்த இலை காப்பிக்கு உரம், கொடுத்துவிட்டால் மண் என்னாகும் என்பது. சரியான கேள்வி. முழு இலையையும் நான் கேட்கவில்லை, பாதிக்கு மேல் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். எடுக்கிற பாதிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மாடு தின்கிற நைட்ரஜனில் பாலாகப் போவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியே வந்துவிடும். மூத்திரத்தைச் சாக்கடையில் விட்டால் கணக்கு கெட்டுப்போகும். அதனால் தொழுவில் சருகு பரப்பி அதை உறிஞ்ச வைக்கிறேன். சில்வர் ஓக் சருகை எந்த மாடும் தின்னாது, ஆனால் அதன் மேல் சுகமாகப் படுத்துக்கொள்ளும். அந்தத் தொழு உரத்தைத் திருப்பித் தருகிறேன். இரண்டு கட்டு இலைக்கு ஒரு சாக்கு. கட்டு 20 கிலோ, சாக்கு 40 கிலோ. என் கணக்கில் நைட்ரஜனுக்கு நைட்ரஜன் ஏறக்குறைய ஈடு. உங்கள் கணக்கில் குறைந்தால் சொல்லுங்கள், ஒன்றரைச் சாக்கு ஆக்கிக்கொள்வோம். இப்போது கேரளாவுக்கு லாரி லாரியாகச் சாணம் போகிறதே, அதில் கொஞ்சம் நம் மலையிலேயே நிற்கட்டுமே.

இரண்டாவது மறுப்பு, தோட்டத்துக்குள் ஆள் வந்து போனால் காப்பியும் மிளகும் காணாமல் போகும் என்பது. காணாமல் போயிருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் நிழல் கழிக்கிற மாதத்தில் காப்பி பச்சைக்காய், மிளகு திரி பிடிக்கிற பருவம். அதைத் திருடி ஒருவரும் வீடு கட்டியதில்லை. உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் நாங்கள் உள்ளே வரவே வேண்டாம். கழிக்கிற ஆட்கள் கிளையை இழுத்து ஜீப் பாதை ஓரத்தில் போட்டால் போதும். கட்டுக் கட்டுவதும் சுமப்பதும் எங்கள் வேலை. இழுத்துப் போடுவதற்கு ஆகும் கூலியில் பாதியை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

மூன்றாவதைச் சொன்னவர் பழைய தோட்டக்காரர். “நீங்கள் கேட்கிறீர்கள் என்று ஆட்கள் மொட்டையடித்துவிடுவார்கள், அப்புறம் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வந்தால் நீங்களா பதில் சொல்வீர்கள்?” என்றார். இதில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. நிழல் குறைந்த அராபிகாச் செடியைத்தான் அந்த வண்டு தேடி வரும். எவ்வளவு கழிப்பது என்பது உங்கள் மேஸ்திரியின் கண்ணுக்கு விட்ட விஷயம். அவர் கழிக்கிற அளவுக்கு மேல் எங்களுக்கு ஒரு கொப்பும் வேண்டாம். விழுந்ததை எடுக்கத்தான் அனுமதி கேட்கிறோம், மரத்தில் ஏற இல்லை.

நீங்கள் யாரும் சொல்லாத, எனக்கு மட்டும் தூக்கம் கெடுக்கிற விஷயம் ஒன்று உண்டு. மருந்து. மிளகு வாடல் நோய்க்கு மழைக்கு முன்னால் போர்டோ கலவை அடிக்கிறீர்கள். கொடி ஏறியிருப்பது முள்முருங்கையில். அந்தக் கலவையில் இருக்கிற மயில்துத்தம், அதாவது செம்பு உப்பு, கொடிக்கு அடிக்கும்போது மரத்து இலையிலும் படியும். செம்மறிக்கு அந்தச் செம்பு விஷம், ஈரலில் சேர்ந்து கொல்லும். மாடு கொஞ்சம் தாங்கும் என்றாலும், தாங்குமா என்று என் செவலையை வைத்துப் பார்க்க நான் தயாரில்லை. சைலேஜ் புளிப்பு செம்பை ஒன்றும் செய்யாது. ஆகவே கழிப்பு முதலில், மருந்து அப்புறம் என்று வைத்துக்கொண்டால் நல்லது. ஏற்கெனவே அடித்துவிட்ட பகுதி என்றால், ‘டீச்சர், அந்த மூலை வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காப்பிக்கு வேறு பூச்சிமருந்து அடித்திருந்தாலும் இதே பேச்சுதான். இந்த ஒன்றில் மறைத்தால் போவது என் மாடு மட்டும் இல்லை, அந்தப் பாலைக் குடிக்கிற உங்கள் வீட்டுக் குழந்தையும் சேர்த்துத்தான்.

இலை என்று சொன்னதும் எல்லா இலையையும் வாரிப் போட்டுவிடக் கூடாது என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், மாடு வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள். பட்டர் ஃப்ரூட் (அவகேடோ) மரத்து இலை கூடவே கூடாது. இப்போது காப்பிக்கு நடுவில் எல்லோரும் அதைத்தான் வைக்கிறீர்கள், கவாத்து செய்த கிளையும் அதே குவியலில் வந்து விழுகிறது. அதில் பெர்சின் என்று ஒரு நஞ்சு இருக்கிறது. பால் சுரக்கும் மடியைத்தான் அது முதலில் தாக்கும். கிருமி எதுவும் இல்லாமலே மடி வீங்கும், பால் வற்றும். அதிகம் போனால் இதயத்தையும் பிடிக்கும். வெள்ளாட்டுக்கும் ஆகாது. தயவுசெய்து அதைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். உண்ணிச்செடியும் அப்படித்தான், ஈரலைக் கெடுத்து, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் உரியும்.

சவுண்டல் நல்ல தீவனம், ஆனால் அதில் மிமோசின் இருக்கிறது. மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மாட்டுக்கு முடி கொட்டும். சைலேஜ் போட்டால் மிமோசின் கொஞ்சம் குறையும். கிளைரிசிடியா விஷயம் சுவாரசியம். முள்முருங்கையில் 2000களின் நடுவில் அந்தக் குளவி விழுந்து, இலையெல்லாம் முடிச்சு முடிச்சாகச் சுருண்டபோது, சிலர் மாற்றாக இதை நட்டீர்கள். லத்தீனில் அந்தப் பெயருக்கு ‘எலிக்கொல்லி’ என்று அர்த்தம். இலையில் கூமரின் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது. பச்சையில் அந்த வாடைக்கு மாடு முதலில் தயங்கும், வாட்டினால் பழகிவிடும். பூஞ்சணம் பிடித்தால்தான் ஆபத்து. கூமரின் அப்போது ரத்தம் உறையவிடாத வேறொரு பொருளாக மாறக்கூடும். 1920களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூஞ்சணம் பிடித்த ஒரு தீவனப் பயிரைத் தின்ற மாடுகள், சின்னக் காயத்திலிருந்து ரத்தம் நிற்காமல் செத்தன. அதை ஆராயப் போய்த்தான் வார்ஃபரின் என்கிற மருந்து பிறந்தது. எலிப்பாஷாணமாகவும் விற்றார்கள், இதய நோயாளிகளுக்கும் கொடுக்கிறார்கள். (என் வீட்டுக்காரர் தினமும் ராத்திரி விழுங்குவது அதைத்தான். மாட்டுத் தீவனத்தை இனிக் கிண்டல் செய்யாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.) அதனால் எந்த இலையானாலும் சரி, டிரம்மில் மேலே வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் அதைச் சுற்றி ஒரு சாண் அள்ளி உரக்குழியில் போட்டுவிட வேண்டும். மிச்சம் பிடிக்கப் பார்க்கக் கூடாது.

அரசு உதவி கேட்கலாமே என்று சிலர் சொன்னீர்கள். ஒரு அலுவலகத்தில் கேட்டேன். படிவத்தில் மக்காச்சோளம், சோளம் என்று இரண்டு கட்டம்தான் இருந்தது, மர இலை என்று எழுத இடம் இல்லை. அங்கிருந்த தம்பி நல்ல பையன், ‘சோளம்னு எழுதிக்கோங்கம்மா’ என்றார். எழுதாமல் வந்துவிட்டேன். தாண்டிக்குடியில் காப்பி வாரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை நிலையம் இருக்கிறது, மேலே மன்னவனூரில் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு டிரம் சைலேஜைத் தூக்கிக்கொண்டு மூன்று இடத்துக்கும் போவதாக இருக்கிறேன். நம் இலையில் புரதம் எவ்வளவு, துவர்ப்புச் சத்து எவ்வளவு என்று யாராவது பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் கையில் ஒரு டிரம்மாவது இருந்தால்தானே அங்கே போய் நிற்க முடியும்? அதற்கு முதலில் உங்கள் தயவு வேண்டும்.

இந்த வருடத்துக்கு என் திட்டத்தைச் சொல்கிறேன். மூன்று மாட்டுக்கு, நாளைக்கு ஆறு கிலோ வீதம் 90 நாள் என்றால் 1,600 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, அதாவது 15 டிரம். அதற்குப் பச்சை இலை 2,200 கிலோ, 110 கட்டு. போன வருடம் எடை போட்டதில் ஒரு மரத்துக்குச் சராசரியாக 15 கிலோ இலையும் இளங்கொப்பும் வந்தது. 150 மரம் கழித்தால் ஆயிற்று. பாதியைக் காப்பிக்கே விடுவது என்றால் 300 மரம். ஒரே தோட்டத்தில் கேட்டால் பாரம், நாலைந்து பேர் சேர்ந்தால் யாருக்கும் பாரம் தெரியாது. என்னோடு சேர்ந்து இன்னும் ஆறு வீட்டுக்காரர்கள் ஆளுக்கு நாலு டிரம் போட்டுப் பார்க்கிறோம் என்கிறார்கள். நாங்கள் ஏழு வீடும் சேர்ந்து ஒரு புல் வெட்டும் மெஷினை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். அது களத்துக்கே வரும், வெட்டி முடித்ததும் கூட்டிப் பெருக்கிக் கொடுத்துவிட்டுப் போவோம். களத்தில் ஒரு காம்பு கிடந்தாலும் என்னைக் கேளுங்கள். பரிசோதனைக்கூடத்தை அசுத்தமாக விட்டுப் போனதற்கு உங்களை எத்தனை தடவை வெளியே நிற்க வைத்திருக்கிறேன்? இப்போது உங்கள் முறை.

பழ வியாபாரிகளிடமும் பேசிவிட்டேன், கழித்த வாழைக்குக் காசு வேண்டாம் என்றார்கள். டிரம்கள் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். எந்தக் கிழமை எந்தப் பகுதியில் நிழல் கழிப்பு, அங்கே மருந்து அடித்தாயிற்றா இல்லையா, களம் எந்த நாள் காலி, இந்த மூன்றை மட்டும் உங்கள் மேஸ்திரியோ ரைட்டரோ முந்தின நாள் சாயங்காலம் பால் சங்கத்தில் சொல்லிவிட்டால் போதும். காலை ஏழு மணிக்கு நான் கயிற்றோடு ஜீப் பாதையில் நிற்பேன். ஜீப்பை நிறுத்தி நலம் விசாரிக்கிறவர்கள் அன்றைக்கு ஒரு கட்டு தூக்கிவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய வேதியியல் டீச்சர்
பண்ணைக்காடு சாலை, கீழ்ப்பழனி மலை